கானா பேராசிரியருக்கு ஒரு பூசை

செலஸ்டின் அக்கா உயிரோடு இருக்கிறார். கோலா கெத்திலில் தம்பி ரோனால்டின் வீட்டில் இருக்கிறார். மூட்டு வலியைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தோம். அவர் முகப்பு மேசையில் இருந்தார். நான் உள்ளே டாக்டர் சாந்தினிக்கு உதவியாள். ஒரு திங்கட்கிழமை காலை நான் வந்தபோது அவர் வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. பசியாறவில்லையா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தரு தவறிட்டாரும்மா."

எந்த ஊரில் என்று கேட்டேன். கானாவில் என்றார். ஆப்பிரிக்காவில் இருக்கிற கானாவா என்று கேட்டதற்கு, வேறு எந்தக் கானா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். சொந்தமா என்றேன். இல்லை. நேரில் பார்த்திருக்கிறாரா என்றேன். இல்லை. குரலையாவது கேட்டிருக்கிறாரா? அதுவும் இல்லை.

"எழுதிக்குவோம்," என்றார்.

அதற்குள் சின்னையா மாமா வந்துவிட்டார். பழைய லாரி ஓட்டுநர். பல் செட்டு இறுகுகிறது என்று வாரத்துக்கு ஒரு முறை வந்து உட்காருவார். யார் போய்விட்டார்கள் என்று அவரும் கேட்டார். ஒரு பேராசிரியர் என்றார் அக்கா. செய்தி எப்படி வந்தது என்று கேட்டார் மாமா. செய்தி என்று தனியாக எதையும் தான் பார்க்கவில்லை என்றார் அக்கா. ஒரு வாரமாகக் கைப்பேசியைத் திறக்காமல் இருந்து நேற்றிரவு திறந்தபோது, குழுவில் எல்லோரும் அவரைப் பற்றி நல்லது நல்லதாக எழுதியிருந்தார்களாம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார், என் முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார், எங்கள் தலைமுறைக்கே வழிகாட்டினார் என்று ஒருவர் பின் ஒருவராக.

"அப்ப போயிட்டாருதான்," என்றார் மாமா. "உயிரோட இருக்கிறவனை யாரும்மா நல்லவன்னு சொல்றா? எம்பொண்டாட்டி ஒரு நாளு சொல்லியிருக்காளா? நாலு பேரு சேர்ந்து புகழ்ந்தா பெட்டி வந்துருச்சுன்னு அர்த்தம்லா."

பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

இனி அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பிறந்தது கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய அப்பா மார்க்கஸ் காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பார், மாலையில் தொழிலாளர் லயத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கூட்டிச் செபம் நடத்துவார். சம்பளமில்லாத உபதேசியார். மார்க்கஸின் அண்ணன் நடராஜா ஞானஸ்நானம் பெறவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தியவர் அவர்தான். சாமிக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்று அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் ஒருவர் சொல்லிவிட்டுப் போக, மார்க்கஸ் திருவிழா நாளில் அண்ணன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு எந்த நாளும் சாப்பிடுவதில்லை என்றானது. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். பெரியம்மா திருவிழாதோறும் தூக்குச்சட்டியில் பொங்கல் கொடுத்தனுப்புவார். அம்மா அதை மறைத்து வாங்கி வைப்பார். பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலிக் கரையில் உட்கார்ந்து தின்பார்கள். அப்பாவுக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தார் என்பார் அக்கா.

பல வருடம் கழித்து, மாதா கோயில் சந்தையில் பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று அக்காவின் கையில் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு கிராமம். உபதேசியாரின் மகள் ஒருத்தி, தன் அப்பா சொந்தத் தம்பி வீட்டுப் படியேறாமல் வாழ்ந்ததைச் சொல்கிறாள். அக்கா கான்வென்ட்டில் படித்தவர், ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பார். பேருந்து நிலையத்தில் நின்றபடியே பாதியை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டாராம். புத்தகத்தின் பெயர் தெரியவில்லை. அதிலிருந்து ஒரு வரியை இணையத்தில் தட்டிப் பார்த்தார். அப்படித்தான் அந்தக் குழு கிடைத்தது.

ஆப்பிரிக்க இலக்கியத்தையும் சினிமாவையும் பற்றிப் பேசுகிற அறிஞர்களின் மின்னஞ்சல் குழு அது. பல நாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ஒரு கேள்வி கேட்பார், பத்து நாட்டிலிருந்து பதில் வரும். புதிதாகச் சேருகிறவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அம்மையார் கேட்டார். பெயர், எந்த நிறுவனம், ஆர்வம் என்ன. நிறுவனம் என்ற இடத்தில் அக்கா யோசிக்காமல் 'பல் கிளினிக்' என்று எழுதினார். ஆர்வம் என்ற இடத்தில் அப்பாவையும் பெரியப்பாவையும் தூக்குச்சட்டியையும் பற்றி எழுதினார்.

முதலில் பதில் எழுதியவர் பேராசிரியர் மென்சா. கானாக்காரர், எழுபது தாண்டியவர். பல் கிளினிக்கிலிருந்து ஒருவர் வந்தது மகிழ்ச்சி, என் பற்கள் மோசம் என்று தொடங்கியிருந்தார். பிறகு தூக்குச்சட்டியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்.

அதற்கப்புறம் அக்கா விடாமல் எழுதினார். அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு படத்தில் வருகிற ரயிலைத் தோட்டத்து லாரியோடு ஒப்பிட்டு நீளமாக எழுதியபோது, அந்த ரயிலுக்கு அந்த நாட்டில் வேறு வரலாறு இருக்கிறது என்று ஒரு பேராசிரியை எடுத்துக் காட்டினார். அக்கா நன்றி சொல்லிவிட்டு அந்த வரலாற்றைத் தேடிப் படித்தார். மதிய சாப்பாட்டு நேரத்தில் குழுவில் நடப்பதை எனக்குத் தமிழில் சொல்வார். நான் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய் இடைநிலைப் பள்ளியிலும் படித்தவள்; என் ஆங்கிலம் அந்த அளவுக்குப் போகாது. அக்கா சொல்லும்போது நைரோபிக்காரருக்கும் பாரிஸ்காரருக்கும் நடந்த சண்டை தோட்டத்துக் குழாயடிச் சண்டை மாதிரி இருக்கும். "அவரு இவரைப் படமே பாக்காம பேசுறன்னுட்டாரு. இவரு, நீ கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தியான்னுட்டாரு. மென்சா வந்து ரெண்டு பேரையும் உக்கார வச்சாரு," என்பார்.

கிளினிக்கில் அவர் நேரம் குறித்துக் கொடுப்பவர். கோயிலில் பூ அடுக்குபவர். தம்பி வீட்டில் கல்யாணமாகாத அக்கா. இந்த மூன்று இடத்திலும் அவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, வேலைதான் சொல்வார்கள். குழுவில் மட்டும்தான், 'கெடாவிலிருந்து செலஸ்டின் என்ன நினைக்கிறார்?' என்று ஒருவர் கேட்பார். அந்த வார்த்தைகளை அவர் என்னிடம் ஒரு முறைகூடப் பெருமையாகச் சொன்னதில்லை. சத்தமில்லாமல் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

அந்த ஜூலை மாதம் அக்கா புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தார். சுங்கைப் பட்டாணிக் கோயில்காரர்கள் போட்ட உணவுக்கடையில் வேலை. கூட்டத்தில் கைப்பேசியை எடுக்கவே நேரமில்லை. அந்த வாரத்தில்தான், மென்சா குழுவின் ஆலோசகர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவரைப் பற்றி ஆளுக்குச் சில வரிகள் எழுதுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டிருக்கிறார். அக்கா அந்த அஞ்சலைப் பார்க்கவில்லை. குவிந்து கிடந்ததில் மேலே இருந்ததிலிருந்து வாசித்துக்கொண்டு போனவர், நாலைந்தோடு அழுதுவிட்டு நிறுத்திவிட்டார்.

நம் பக்கம் ஒருவரை உயிரோடு இருக்கும்போது புகழ்வதில்லை. கண் பட்டுவிடும் என்பார்கள். நல்லவர், வல்லவர் என்பதெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற வார்த்தை. அக்கா வேறு எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே எழுதியிருந்தாலும் உடனே திருத்தியிருப்பார்கள், அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்றார் அக்கா. முதலில் மாதா கோயிலில் பூசை வைக்க வேண்டும், பூசை வைத்தாயிற்று என்று சொல்லித்தான் துக்கம் கேட்க வேண்டும். கோயில் அலுவலகத்தில் பெயரைக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, தாங்க முடியாது என்று குழுவின் அஞ்சல்களைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு நானும் போனேன். நான் இந்து, ஆனாலும் அக்கா தனியாக உட்காருவது பிடிக்கவில்லை. இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் வரிசையாக வாசித்தார். அருளாயி, சவரிமுத்து என்று வந்து, அடுத்த பெயரில் நின்று, மெதுவாக, "கானா நாட்டுப் பேராசிரியர் மென்சா" என்றார். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலை குனிந்திருந்தார். பூசை முடிந்து வெளியில், யாரந்த மென்சா, காலேஜ் பையனா, சாலையில் காடி மோதிவிட்டதா என்று பெண்கள் கேட்டார்கள். என்னுடைய சிநேகிதர் என்றார் அக்கா. அவர் யாரையும் சிநேகிதர் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று மாலை குழுவுக்கு எழுதினார். மறுநாள் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். உயிரோடு இருக்கிறவரிடம் எங்கள் ஆட்கள் வாய் திறந்து சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. என் அப்பாவைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று எழுதியிருந்தார். நீங்கள் கேட்ட பிறகுதான் அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது என்று எழுதியிருந்தார். கெடாவில் உங்கள் ஆன்மாவுக்காகப் பூசை வைத்தோம், இங்குள்ளவர்கள் உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள் என்று முடித்திருந்தார்.

வாசித்து முடித்த கையோடு பதில்களைத் திறந்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பதில் யாரோ ஒரு மாணவனுடையது. பேராசிரியருக்கே இன்னும் தெரிவிக்கப்படாத செய்தி மலேசியாவுக்கு எப்படிப் போனது என்று கேட்டிருந்தான். இன்னொருவர் வெறும் சிரிப்புப் படம் போட்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர், அன்புள்ள செலஸ்டின், அவர் நலமாக இருக்கிறார், ஓய்வு மட்டுமே பெறுகிறார் என்று பணிவாக எழுதியிருந்தார். நான்காவது மென்சாவுடையது. அக்கா அதையும் அப்போதே எனக்குச் சொன்னார், குரலில் உயிரில்லாமல்.

இன்று காலை ரொட்டி தின்றுகொண்டே என் மரணத்தைப் பற்றிப் படித்தேன். வந்ததில் இதுதான் நல்ல கடிதம். பூசையைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள், எப்படியும் எனக்குத் தேவைப்படும். ஆனால் போவதற்குள் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் அப்பா அண்ணன் வீட்டில் மறுபடி சாப்பிட்டாரா?

எனக்கு மனம் லேசானது. பார்த்தீர்களா, அவர் கோபப்படவில்லை என்றேன். கண் பட்டாலும் கழித்துவிடலாம், உயிரோடு இருக்கிறவரைச் செத்ததாக ஊர் கூட்டி மன்றாட வைத்ததற்கு என்ன செய்வது என்பதுதான் அக்காவின் கவலை. சாமியாரிடம் போய்க் கேட்டார். செபம் விலாசம் தப்பிப் போகாது என்று சாமியார் சிரித்தார். அதுவும் ஆறுதலாக இல்லை. அந்த வாரமே குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

மென்சாவுக்கு மட்டும் தனியாகப் பதில் போடுங்கள், கேள்வி கேட்டிருக்கிறாரே என்று நான் அவ்வப்போது சொன்னேன்.

"எப்படிம்மா ஆரம்பிக்கிறது? அன்புள்ள ஐயா, நீங்க உயிரோட இருக்கிறதுக்கு மன்னிச்சுக்குங்கன்னா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கிறிஸ்மஸ் வாழ்த்தோடு சேர்த்துப் போடுகிறேன் என்றார். கிறிஸ்மஸ் வந்தது. ஈஸ்டருக்குப் போடுகிறேன் என்றார். கைப்பேசியில் எழுதுவதும் அழிப்பதுமாக இருப்பதைச் சில மதியங்களில் பார்த்திருக்கிறேன். சின்னையா மாமா ஒரு நாள், கானாக்காரர் எப்படி இருக்கிறார், இன்னும் சாகவில்லையா என்று கேட்டார். கிண்டல்தான். அக்கா அதற்கப்புறம் பல வாரம் கைப்பேசியை மேசையில் வைக்கவே இல்லை.

அடுத்த வருடமும் அப்படியே போனது. டிசம்பரில் ஒரு நாள், இந்த முறை போட்டுவிடுவது என்று முடிவு செய்து, மென்சாவின் அஞ்சல் முகவரி மாறியிருக்குமோ என்று இணையத்தில் தேடினார். அவர் ஜூன் மாதமே இறந்திருந்தார்.

குழுவின் பழைய பக்கங்களை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். நோயாளிகள் இல்லாத அந்தப் பிற்பகலில் அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். முன்பு எழுதிய அதே ஆட்கள், ஏறக்குறைய அதே வார்த்தைகள். இம்முறை யாருக்கும் தவறு நேரவில்லை. நடுவில் ஒரு அஞ்சலில் அவர் நின்றுவிட்டார். மென்சாவின் கடைசி மாதங்களில் கூட இருந்த மாணவி எழுதியது. கண் மங்கியதால் அஞ்சல்களை அவள்தான் வாசித்துக் காட்டுவாளாம். எல்லாம் வாசித்து முடித்த பிறகு, கெடாவிலிருந்து எழுதினார்களா என்று கேட்பாராம். யாரைச் சொல்கிறார் என்று தனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் அந்த நண்பருக்குச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள்.

அக்கா எழுந்து போய்த் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு கோப்பை வைத்தார். பிறகு நான் கேட்காமலேயே சொன்னார்.

"சாப்பிட்டாரும்மா. பெரியப்பா கருமாதி அன்னிக்கு. பந்திக்கு யாரும் அவரைக் கூப்பிடல. கூப்பிட்டா வர மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்ல. அவரே போயி எலை முன்னால உக்காந்தாரு. பெரியம்மாதான் சோறு போட்டாங்க. இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டாங்க. போடுங்கண்ணின்னாரு."

இதை இப்போதாவது குழுவுக்கு எழுதுங்கள், அந்த மாணவிக்காவது எழுதுங்கள் என்றேன்.

"கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதுலா," என்றார். "துக்கம் விசாரிக்கலாம்னா, அதையும் முன்னாலயே எழுதிட்டேன். அதே வார்த்தையை மறுபடியும் எப்படி எழுதுறது?"

மூட்டு வலி அதிகமாகி மேசை வேலை முடியாமல் போனபோது அக்கா கிளினிக்கை விட்டார். டாக்டர் சாந்தினி கேக் வெட்டச் சொன்னார், நான்கு வார்த்தை பேசவும் செய்தார். பொறுமையானவர், நேர்மையானவர் என்று அவர் சொல்லச் சொல்ல அக்கா நெளிந்தார். போதும் டாக்டர், பூசைக்கு ஏற்பாடு பண்ணிவிடாதீர்கள் என்றார். டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சிரிக்க முடியவில்லை.

ரோனால்ட் காடியைக் கொண்டுவரும்வரை இருவரும் கிளினிக் முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றோம். நான் தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு எழுதுவது அவருக்குத் தெரியும். என்றைக்காவது உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, கானாக்காரரைப் பற்றி எழுது, அப்பா சாப்பிட்டதையும் அதில் போட்டுவிடு, எங்கேயாவது இருக்கட்டும் என்றார். காடி வந்து நின்றது. கதவைத் திறந்து, வலிக்கிற காலை முதலில் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு கேக்குறேம்மா, செய்யி. அதுல என்னைப் பத்தி ஏதாவது நல்லதா எழுதினின்னா, மொத வரியிலயே நான் உயிரோட இருக்கேன்னு போட்டுடு."